மாடி இல்லாத வீட்டில் ஒரு வாடகைக்காரர்

அவளை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். நிஜப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையே" என்று படப்பிடிப்புத் தளத்தின் காவலர் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். நடிகர்களுக்கு வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. நேரம் இருக்கிற சிலருக்கு மனம் கிடையாது. அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, இவள் ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பாள். நடிகர் அதைக் காதில் வாங்கி, அழுகையோ சிரிப்போ சேர்த்துத் திருப்பிச் சொல்வார். இடையிடையே விழுந்திருக்கும் இவள் குரலை எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஊரே கேட்ட வசனங்களை முதலில் சொன்னவள் அவள்தான், ஆனால் அவள் குரலை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. வசனம் எடுத்துக் கொடுப்பவர் உணர்ச்சியோடு படிக்கக் கூடாது. "நீங்க அழுதீங்கன்னா அவங்க உங்க அழுகையைக் காப்பியடிப்பாங்க" என்று இயக்குநர்கள் திட்டுவார்கள். ஆகவே மரணமானாலும் கல்யாணமானாலும் ரேடியோவின் வாயில் எல்லாம் மளிகைச் சாமான் ஒப்பிப்பது மாதிரிதான் வரும். அவளிடம் அதிகம் பழகிப்போனவள், பல தொடர்களில் அவளோடு வேலை செய்த ஒரு நாயகி. ரேடியோவின் வாயிலிருந்து எது வந்தாலும் அந்த அம்மாவின் வாய் திருப்பிச் சொல்லிவிடும். ஒருமுறை உதவியாளரிடம் ரேடியோ, "அந்த ஃபேனை நிறுத்துங்கப்பா" என்று சொல்ல, நாயகி அதையும் கண்ணீரும் கம்பலையுமாக மாமியார் காலில் விழுந்து சொல்லி வைத்தாள். மாமியாராக நடித்தவர் பழம் தின்று கொட்டை போட்டவர். அசராமல் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து மருமகளை மன்னித்தார்.

அதே நாயகி நடித்த புதுத் தொடருக்கு 'மூணு சாவி' என்று பெயர். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, ஒரு பல் டாக்டர், ஒரு நீச்சல் பயிற்சியாளர். ஆசிரியைக்கு இருவர் மேலும் காதல். இருவருக்கும் அது தெரியும். மூவரும் பேசி முடிவு செய்து ஒரே வீட்டில் இருக்கிறார்கள். திருட்டுத்தனம் எதுவும் இல்லை என்பதுதான் கதையே. யார் குப்பை கொட்டுவது, எந்த அலாரம் யாருடையது என்று பாதி சிரிப்பு, வெளியே யாரிடம் என்ன சொல்வது என்று பாதி வேதனை. சேனல்காரர்கள் சும்மா ஒரு கலகலப்புக்குத்தான் ஆரம்பித்தார்கள். ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தத் தளத்தில் அப்படியொரு குடும்பத்தை நிஜமாகவே நடத்திக்கொண்டிருந்த ஒரே ஆள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

ரேடியோவின் கணவர் பேக்கரிக்காரர். விடியும் முன்பே மாவு பிசையப் போய்விடுவார். திரும்பி வரும்போது புருவமெல்லாம் மாவாக இருக்கும். வசனத் தாளின் எழுத்து மங்கலாகத் தெரிய ஆரம்பித்த காலத்தில்தான் ரேடியோ கண்ணாடிக் கடைக்குப் போனாள். அங்கே லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவர், அவளைவிடக் கொஞ்சம் இளையவர், கண்ணாடிச் சட்டத்தை அவள் காதில் மாட்டிப் பார்த்து, "உறுத்துதா? உண்மையைச் சொல்லுங்க, நிறைய பேர் மரியாதைக்கு இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க" என்றார். உறுத்தத்தான் செய்தது. அதைச் சரிசெய்ய மறுபடி போனாள். அப்புறம் உறுத்தாதபோதும் போனாள்.

மனசு போன இடத்தை அவள் மறைக்கவில்லை. ஒன்றும் நடப்பதற்கு முன்பே கணவரிடம் சொல்லிவிட்டாள். பேக்கரிக்காரருக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது கலப்படமில்லாத பொய். சில வாரங்கள் அவர் சுட்ட ரொட்டியெல்லாம் ஒரு பக்கம் கருகியது. பிறகு ஒருநாள் சண்டை போடுவதற்கென்றே கண்ணாடிக் கடைக்குப் போனார். வாடிக்கையாளர் என்று நினைத்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். பாதிக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியவில்லை. "இவ்வளவு நாளா எப்படிங்க அடுப்பு முன்னால நின்னீங்க?" என்று கண்ணாடிக்காரர் நிஜமாகவே பதறிப்போனார். அந்தப் பதற்றத்துக்கு முன்னால் சண்டையை எங்கே பிடித்து ஆரம்பிப்பது? புதுக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்த பேக்கரிக்காரர், "நல்ல பையனா இருக்கான், அதுதான் எரிச்சலா இருக்கு" என்றார்.

மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். அழுதார்கள், கத்தினார்கள், மறுபடி பேசினார்கள். கடைசியில் கண்ணாடிக்காரர் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்தார். பேக்கரிக்காரரை அவர் அண்ணே என்றார். அவர் இவரைத் தம்பி என்றார். மற்ற தொடர்களில் வருவது மாதிரி இரண்டு ஆண்களும் அவளுக்காக முட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவது யார் என்றுதான் சண்டை வரும். மற்ற விஷயங்களில் இருவரும் ஒரு கட்சி, எதிர்க்கட்சி ரேடியோ.

மாடியில் ஓர் அறை இருந்தது வசதியாகப் போயிற்று. அக்கம்பக்கத்துக்கும் ரேடியோவின் அக்காவுக்கும் கண்ணாடிக்காரர் மாடியில் வாடகைக்கு இருக்கிறவர். முதலில் அதைச் சொல்லிச் சொல்லி மூவரும் சிரித்தார்கள். வருஷங்கள் போகப் போக, சிரிப்பவர்கள் இரண்டு பேராகக் குறைந்தார்கள்.

போன வருஷம் ரேடியோவுக்குப் பித்தப்பையில் கல் வந்து அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்து அவள் படுத்திருந்தபோது அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு கண்ணாடிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நீங்க யாருங்க?" என்றாள் நர்ஸ்.

"இவங்க வீட்டு மாடியில வாடகைக்கு இருக்கேங்க."

"அப்ப வெளியில இருங்க. சொந்தக்காரங்களை மட்டும்தான் உள்ள விடுவோம்."

அவர் ஃபிளாஸ்க்கை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ரேடியோ அப்போது விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அக்கா இருக்கிறாள், அக்கா வழியாக ஊரே இருக்கிறது. ஊராருக்கெல்லாம் வசனம் எடுத்துக் கொடுக்கிறவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தாள். அவள் வாழ்க்கையில் நடித்தது அது ஒன்றுதான், நன்றாகவே நடித்தாள்.

கண்ணாடிக்காரர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை எடுத்துக் கொடுத்தார், தலை வாரிவிட்டார். சில மாதம் கழித்து, வேறு ஊரில் திறக்கப்போகும் கிளையைப் பார்த்துக்கொள்ள முதலாளி தன்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். "போயிடலாம்னு இருக்கேன்."

பேக்கரிக்காரர் பிளேட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். "என்ன தம்பி பேச்சு இது? நீ போனா என் கண்ணாடி பவரை யாரு பார்ப்பா?" அவருக்குப் பாசத்தை அந்த அளவுக்குத்தான் சொல்லத் தெரியும்.

"போகாதே" என்றாள் ரேடியோ.

"இருக்கச் சொல்றே, சரி. என்னவா இருக்கிறதுன்னும் சொல்லு" என்றார் கண்ணாடிக்காரர். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் அவளுக்கு வலித்தது. தொடரின் கடைசி வாரம் முடிந்ததும் கிளம்புவதாக அவர் தேதி வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் தளத்தில் ஒரு குண்டு விழுந்தது. கடைசி அத்தியாயத்தில் ஆசிரியை இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்று சேனலிலிருந்து சொல்லிவிட்டார்கள். விளம்பரக்காரர்கள் பயப்படுகிறார்களாம். எழுத்தாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இயக்குநர் நாள் முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பல் டாக்டர் வீட்டிலேயே இருப்பது, நீச்சல்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அவரைப் போகச் சொல்வது நாயகி. அதாவது, முதலில் ரேடியோ.

அந்தக் காட்சி எடுத்த காலையில் வீட்டில் பரணிலிருந்து கண்ணாடிக்காரரின் பெட்டி இறங்கியிருந்தது. அதைத் தாண்டிக்கொண்டுதான் ரேடியோ வேலைக்கு வந்தாள்.

விளக்குகள் எரிந்தன. நீச்சல்காரர் பையோடு கதவருகே நின்றார். பல் டாக்டர் சோபாவில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இயக்குநர் "ஆக்‌ஷன்" என்றார்.

"எவ்வளவு நாள்தான் இப்படி இருக்க முடியும்" என்று ரேடியோ மளிகைச் சாமான் குரலில் படித்தாள்.

"எவ்வளவு நாள்தான் இப்படி இருக்க முடியும்?" என்று நாயகி நெஞ்சு விம்மச் சொன்னாள்.

அடுத்த வரி தாளில் தெளிவாக இருந்தது. 'நீ போயிடு. ஒரு வீட்டுல மூணு பேருக்கு இடமில்ல.' ரேடியோ வாயைத் திறந்தாள். வரவில்லை. நாயகி காத்திருந்தாள், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி திறந்தாள்.

"போகாதே."

"போகாதே!" என்றாள் நாயகி.

பையைத் தூக்கப் போன நீச்சல்காரர் திடுக்கிட்டு நின்றார். அது போதாதா? அணை உடைந்துவிட்டது. ரேடியோ தாளைப் பார்க்கவே இல்லை. அவள் குரல் உடைந்தது, விதியெல்லாம் காற்றில் போனது. நாயகி ஒவ்வொரு வரியையும் அந்த உடைசலோடேயே பிடித்துக்கொண்டாள்.

"நீ யாருன்னு எவராவது கேட்டா, மாடியில வாடகைக்கு இருக்கேன்னு இனிமே சொல்லாதே. ஆஸ்பத்திரி வாசல்ல நீ அப்படிச் சொன்னப்ப நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். கண்ணைத் திறக்கலை. பயம். என்னவா இருக்கிறதுன்னு கேட்டியே, இப்ப சொல்றேன் கேட்டுக்கோ. அவர் எனக்கு என்னவோ, நீயும் எனக்கு அதுதான். ஒரு முடி குறைச்சல் கிடையாது."

நீச்சல்காரராக நடித்தவர் நிஜமாகவே அழுதுவிட்டார். அந்தக் காட்சியில் வசனமே இல்லாத பல் டாக்டர், யாரும் சொல்லாமலே எழுந்து போய் அவர் கையிலிருந்து பையை வாங்கி, உள்ளே கொண்டுபோய் வைத்தார். இயக்குநர் "கட்" சொல்ல மறந்துபோனார்.

கடைசியில் செட் போடுகிறவர்தான் வாயைத் திறந்தார். "மாடியா? இந்த வீட்டுக்கு ஏதுங்க மாடி?"

எல்லாரும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். கூரையே இல்லை, கம்பியில் விளக்குகள்தான் தொங்கின. எழுத்தாளர் தாள்களைப் பரபரவென்று புரட்டினார். "ஆஸ்பத்திரியும் நான் எழுதலையே! இவன் எப்ப வாடகைக்கு வந்தான்?"

நாயகி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "எனக்கென்னங்க தெரியும்? ரேடியோ சொன்னாங்க, நான் சொன்னேன்."

மொத்தத் தளமும் முக்காலியைப் பார்த்தது. பக்கம் மாறிப்போயிற்று என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பொய் ரேடியோவின் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"அது என் வீட்டு வசனம் சார். எங்க வீட்டுல நாங்க மூணு பேர். என் புருஷன், நான், இன்னொருத்தர். அவரை மாடியில வாடகைக்கு இருக்கறவர்னு சொல்லி வச்சிருக்கோம். அவர் ஊரைவிட்டே போறேன்னு பெட்டி கட்டறார். வேலையைவிட்டு எடுக்கறதா இருந்தா எடுத்துடுங்க. அந்த 'நீ போயிடு'வை மட்டும் என் வாயால படிக்க மாட்டேன்."

எதற்கெடுத்தாலும் கத்துகிற இயக்குநர் தன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு நாயகியைப் பார்த்து, "இன்னொரு டேக் போகலாமா?" என்றார்.

"இதுக்கு மேல எனக்கு அழ வராது சார்" என்றாள் நாயகி. "வேணும்னா நீங்க வந்து நடிச்சுக்கோங்க."

எழுத்தாளர் துள்ளிக் குதித்துவிட்டார். "முன்னால ஒரு சின்ன காட்சி சேர்த்துடலாம் சார். பக்கத்து வீட்டுக்காரங்க கேட்கறாங்க, இவன் மாடியில வாடகைக்கு இருக்கேன்னு சொல்றான். ஆஸ்பத்திரிக்கு அரை நிமிஷம் போதும். எனக்கு ஏன் இது தோணாம போச்சு!"

"படிக்கட்டு ஒண்ணு போட்டுடறேன்" என்றார் செட் போடுகிறவர். "மேல போனா விளக்குல முட்டும். கீழ மட்டும் காமிங்க."

"எல்லாம் சரி, சேனல்ல என்ன சொல்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதை நான் பார்த்துக்கறேன். நாலு நாள் தூக்கம் போச்சு அவங்களால" என்றார் இயக்குநர். அப்புறம்தான் வழக்கம்போலக் கத்தினார்: "ரேடியோ, உட்காரும்மா! அடுத்த காட்சி!" அவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது கண்ணாடிக்காரர் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ அவர் எதிரில் போய் நின்றாள். தளத்தில் பொங்கி வந்ததெல்லாம் இங்கே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. வேறு வழியில்லாமல், பழகிய குரலிலேயே ஒப்பித்தாள்.

"போகாதே. நீ யாருன்னு எவராவது கேட்டா மாடியில வாடகைக்கு இருக்கேன்னு சொல்லாதே. அவர் எனக்கு என்னவோ நீயும் அதுதான். இந்த இடத்துல நான் அழறேன்."

கண்ணாடிக்காரர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். உள்ளறையில் படுத்திருந்த பேக்கரிக்காரர், "தம்பி, அவளுக்கு நடிக்க வராது. வசனத்தை மட்டும் கேட்டுக்கோ" என்று குரல் கொடுத்தார். கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் ரேடியோவுக்கும் அழுகை வந்தது.

தளத்தில் நடந்ததைக் கேட்டபின் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லார் முன்னாலயும் சொல்லிட்டே. பெரிய விஷயம்தான். ஆனா அங்க நான் இல்லையே. நான் பக்கத்துல நிக்கும்போது என்ன நடக்கும்னு பார்க்கணும்." பெட்டியை மூடவும் இல்லை, சட்டைகளை வெளியே எடுக்கவும் இல்லை. கிளம்பும் தேதியை மட்டும் தள்ளிவைத்தார்.

கடைசி அத்தியாயம் வெளியானது. சேனல் தலைவர் முன்கூட்டியே பார்த்துவிட்டு, விளம்பர இடைவேளை எங்கே வரும் என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் டீக்கடை, பேருந்து, பள்ளிக்கூட வாசல் எங்கே போனாலும் அதே பேச்சு. 'ஒரு முடி குறைச்சல் கிடையாது' என்று ஆளுக்கு ஆள் சொல்லித் திரிந்தார்கள். கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு கிழவர், மனைவியைக் காட்டி அதையே சொன்னதாகக் கண்ணாடிக்காரர் வீட்டில் வந்து சொன்னார்.

அக்கா தொலைபேசியில் வந்தாள். "அது என்னடி மாடி, ஆஸ்பத்திரி? யாரைப்பத்தி அது?"

"யாரைப்பத்தின்னு உனக்கே தெரியுதே அக்கா. அதனாலதானே கூப்பிட்டே."

"மானத்தை வாங்கிட்டியேடி!"

"வாங்கலை அக்கா. இத்தனை நாள் அவர்கிட்ட இருந்து வாங்கி வச்சிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்தேன்."

அக்கா படக்கென்று இணைப்பைத் துண்டித்தாள். பல நாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் கூப்பிட்டு, அந்த விஷயத்தைத் தவிர உலகத்திலுள்ள எல்லாவற்றையும் பேசிவிட்டு, கடைசியில் விறைப்பாகச் சொன்னாள்: "என் கண்ணாடி காதுக்கிட்ட உறுத்துது. அவர்கிட்ட சொல்லு, அடுத்த வாரம் வர்றேன்." அக்காவிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. ரேடியோவுக்கு அதுவே வானத்தில் பறக்கப் போதுமானதாக இருந்தது.

தொடர் முடிந்ததற்காகத் தளத்திலேயே ஒரு விருந்து வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ரேடியோ ஒரு பக்கம் பேக்கரிக்காரரும் மறுபக்கம் கண்ணாடிக்காரருமாக உள்ளே நுழைந்தாள். கை இரண்டும் இருவர் கையையும் பிடித்திருந்ததால், காவலர் சலாம் வைத்தபோது தலையைத்தான் ஆட்ட முடிந்தது. தளத்தில் எல்லார் தலையும் திரும்பியது. அவள் முகம் கொதித்தது. ஆனாலும் கையை விடவில்லை. எழுத்தாளர் கைதட்ட ஆரம்பித்தார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். புதிதாகப் போட்ட படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த நாயகி ஓடி வந்து ரேடியோவைக் கட்டிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் படம் எடுப்பவர் ஒவ்வொரு குடும்பமாக தொடர் வீட்டு சோபாவுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். அவர் வெளியாள், அவருக்கு எந்தக் கதையும் தெரியாது. ரேடியோவின் முறை வந்தது. மூவரும் போய் நின்றார்கள்.

படம் எடுப்பவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். "வீட்டு ஆளுங்க மட்டும் நில்லுங்க. ஓரத்துல நிக்கற சார், நீங்க யாருங்க?"

கண்ணாடிக்காரரின் கால் பழக்கதோஷத்தில் ஓரடி பின்னால் போனது. ரேடியோ அதைப் பார்த்துவிட்டாள். பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார். ரேடியோ வாயைத் திறந்தாள். வரி அவளிடம் தயாராக இருந்தது. எடுத்துக் கொடுக்க மூச்சும் இழுத்துவிட்டாள்.

அதற்குள் அவர் முன்னால் வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தளத்தின் கடைசி மூலைவரை கேட்கும்படி சொன்னார்.

"நான் இவங்க புருஷங்க. இந்த அண்ணனும்தான். நீங்க எடுங்க."

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ரேடியோ இழுத்த மூச்சு அப்படியே சிரிப்பாக வெளியே வந்தது. படம் எடுப்பவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "அப்படின்னா மூணு பேரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார்.